சாவி என்னிடம், தாலி அவரிடம்

ராஜா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திருமழிசை எஸ்டேட் முழுக்க இன்று கரண்ட் இல்லை, ஏதோ பராமரிப்பு வேலையாம். லேத்தும் கம்ப்ரசரும் வாயை மூடிக்கொண்டதில், பின்பக்கத்து வயலில் கொக்கு இறங்குவதுகூடக் காதில் விழும் போலிருக்கிறது. கூரையில் உன் அப்பா பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெயில் இறங்கி மேசைமேல் சதுரமாகக் கிடக்கிறது. அது மெல்ல மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டீ ஆறிவிட்டது. இதையெல்லாம் வீட்டிலேயே உன்னிடம் பேசியிருக்கலாம்தான். காட்டுப்பாக்கத்தில் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனால் நகைக்கடைக்குப் போய்வந்த நாளிலிருந்து உன் வாயில் "சாப்பாடு வைம்மா", "சார்ஜர் எங்க" இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. நான் ஆரம்பித்தால் "அம்மா, ப்ளீஸ்" என்று எழுந்து போய்விடுகிறாய். கடிதத்தின் நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து படித்துத்தானே ஆகவேண்டும். அதனால்தான் இந்த வழி.

அன்று நடந்ததை என் கண்ணுக்குத் தெரிந்தபடி சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் தாலிச் செயினுக்கு ஆர்டர் கொடுக்கப் போனோம். நீ, நான், உன் அத்தை, கோவில்பதாகையிலிருந்து ஸ்கூட்டியில் நேராக வந்துசேர்ந்த யமுனா. மாடல் பார்த்து முடித்ததும் யமுனா கடைக்காரரிடம், "அண்ணா, கொக்கி மட்டும் ஈஸியா கழட்டற மாதிரி வெச்சிடுங்க. பேனல் தொறக்கறதுக்கு முன்னாடி கழட்டணும்" என்றாள். தண்ணீர் பாட்டில் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அத்தை கையில் இருந்த ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாமா சொல்ற? தாலிய கழட்டுவியா?" யமுனா நிதானமாக, "வேலைக்கு மட்டும்தான் அத்தை. உள்ள கை வெக்கறப்போ ஒடம்புல மெட்டல் எதுவும் இருக்கக்கூடாது" என்றாள். அத்தை அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "என் தம்பி புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார்.

நீ ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். நீ கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாய். வெளியே வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்த பிறகுதான் உனக்கு வாய் வந்தது. "ஆபீஸ் பக்கம் வேலை கேளேன். கொட்டேஷன் போடற சீட்டு ஒண்ணு காலியா கீதுன்னு நீதான சொன்ன?" என்று அவளைக் கேட்டாய். அவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நான் பேனல் தொறக்கறவ. அது தெரிஞ்சிதான பொண்ணு பாக்க வந்தீங்க? யோசிச்சி சொல்லு. அதுவரைக்கும் செயின் ஆர்டர் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு நீயும் அவளுக்கு ஃபோன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. ஆவணியில் கல்யாணம். கடைக்காரர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "இன்னாமா, கொக்கி வெக்கறதா வேணாமா?" என்று கேட்கிறார். அவர் கேட்டது கொக்கியைப் பற்றித்தான். எனக்கோ, கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்பதுபோல இருந்தது.

நீ இந்த ஒர்க்‌ஷாப்பில்தான் ஹோம்ஒர்க் எழுதி வளர்ந்தாய். ஆனாலும் இங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எரிந்த வார்னிஷ் நாற்றம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படி. வீட்டு ஃபேனை அணைத்தால் கதை முடிந்தது. எங்கள் டிரைவ்கள் அப்படி இல்லை. ஃபேக்டரியில் பெரிய மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கும், அதைத்தான் டிரைவ் என்கிறோம்; யமுனா திறக்கிற பேனலும் அதுதான். அதன் வயிற்றுக்குள் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்ததுபோல வரிசையாகக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்டை வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. மெயின் ஸ்விட்சை இறக்கி, எல்லா விளக்கும் அணைந்த பிறகும், பிடித்ததை அவை உடனே விட்டுவிடாது. சத்தமோ சூடோ இருக்காது, பார்த்தால் செத்துக் கிடப்பதுபோல இருக்கும். தொட்டால்தான் தெரியும். தொட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

அதனால் மெயினை இறக்கியதும் அதில் பூட்டுப் போடுவோம். உள்ளே கை வைக்கப் போகிறவர் யாரோ, அவருடைய பையில்தான் சாவி இருக்கவேண்டும். முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது. பிறகு காத்திருக்கவேண்டும். காத்திருந்த பின் மீட்டரை முதலில் கரண்ட் உள்ள வேறொரு இடத்தில் வைத்து, மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்ப்போம். அப்புறம் பெட்டியில் வைப்போம். மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்போம், நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால்? எல்லாம் சரியென்றால், மிச்சம் மீதி இருப்பதை வடிக்க, ஒன்றோடொன்று கோர்த்த பல்புகளின் கம்பியைக் கெப்பாசிட்டர் முனைகளில் தொடுவோம். சில சமயம் அவை மெல்ல எரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகி, நூல் அளவுக்குச் சிவந்து, அப்படியே அணைந்துபோகும். பட்டப்பகலில், தூசு பறக்கும் ஃபேக்டரிக்கு நடுவே, அந்தச் சிவப்பு மங்குவதை உன் அப்பா கண்கொட்டாமல் பார்ப்பார். "போயிட்டியா?" என்று பெட்டியைக் கேட்பார். அப்படியும் நம்பமாட்டார். வடித்துவிட்ட கெப்பாசிட்டரைச் சும்மா விட்டால் அது எங்கிருந்தோ கொஞ்சம் கரண்டைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அதனால் இரண்டு முனையையும் ஒரு ஒயரால் கட்டிவிட்டுத்தான் கையை வைப்பார்.

அந்தக் காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, எங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் ஓய்வென்று கிடைத்தது அதுதான். யாரும் எங்களை அவசரப்படுத்த முடியாது. மரப்பெட்டி மேல் அருகருகே உட்கார்ந்து, மூடிய பேனலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்போம். சில நாள் பேசக்கூடமாட்டோம். காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டலாம் என்று முடிவெடுத்தது அப்படி ஒரு காத்திருப்பில்தான். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருக்குமா, வேலை முடிந்து அந்த வழியாகப் போகலாமா என்று அவர் கேட்டதெல்லாம் அப்போதுதான். உனக்குப் பேர் வைத்ததும் அம்பத்தூரில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில், உலைக்குக் காற்று ஊதும் மோட்டாரின் டிரைவ் வடியக் காத்திருந்தபோதுதான். நீ என் வயிற்றில் இருந்தாய். இன்றைக்கும் எங்காவது மெயினை இறக்கியதும் எனக்குத் தூக்கம் வருவதுபோல உடம்பு தளர்ந்துவிடுகிறது. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வருவது அந்தச் சுகம். இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

என் கழுத்துக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் அதைத் தடவித் தடவிக் கேட்பாய். வேலையில் பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்று முழுதாகச் சொல்கிறேன். கல்யாணமான புதிது. நான் சுடிதாருக்கு மேலே காக்கி கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். தாலிச் செயின் வெளியே தொங்கக்கூடாதென்று உள்பக்கமாக ஊக்குக் குத்திக்கொள்வேன். எஸ்டேட்டில் மெஷினில் நிற்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கும் அதுதான் பத்திரம் என்று தோன்றியது. ஊக்கும் இரும்புதானே என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை. அன்று ஒரு டிரைவ், ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். பூட்டினோம், காத்திருந்தோம், மீட்டர் வைத்தோம், பல்பும் போட்டோம். பெட்டியில் ஒன்றுமில்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு கெப்பாசிட்டரின் இணைப்பு சூட்டில் ஒட்டிக்கொள்ளும், ஆறினால் விட்டுப்போகும். அந்த மெஷினின் கோளாறே அதுதான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மற்றவையெல்லாம் வடிந்த பிறகும் அது மட்டும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் குனிந்து உள்ளே பார்த்தேன். ஊக்கு விட்டுக்கொண்டது. செயின் முன்னால் ஊசலாடி நேராக அதன் இரண்டு முனையிலும் போய் விழுந்தது.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது உன் அப்பாவின் முகம்தான். அவர் ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. செயின் இரண்டாக அறுந்து, ஒரு கண்ணி உருகிக் காணாமலே போயிருந்தது. நெஞ்சு வழியாகக் கரண்ட் பாயாதது என் அதிர்ஷ்டம், சூடு மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குச் செய்தி கேட்டு ஓடிவந்த உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தாலிதான் நடுவுல பூந்து உன்ன காப்பாத்திகீது. அது அறுந்து உன் உசுர குடுத்துச்சி" என்றார். உன் அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். "அக்கா, அதான் அவள சுட்டுதே" என்றார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அத்தை என்மேல் வைத்த பாசம் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படித்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மெயினைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். உன் அப்பா என் பின்னால் வந்து நின்று, "குடு" என்றார். எதை என்றேன். கழுத்துக்குப் பின்னால் கொக்கியை அவரே விலக்கித் தாலியை எடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் அதுவே பழக்கமாகிவிட்டது. நான் உள்ளே போனால் சாவி என்னிடம், தாலி அவரிடம். அவர் உள்ளே போனால் சாவி அவரிடம், அவருடைய வாட்சும் கல்யாண மோதிரமும் என்னிடம். அவர் மோதிரத்தைக் கழற்றியதற்கு ஊரில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்.

தாலி பையில் இருக்கும்வரை அவர் வேறு மனுஷராகிவிடுவார். குனியமாட்டார், விழுந்துவிடுமாம். டீ குடிக்கமாட்டார். மெயின் ஸ்விட்சுக்கும் மனிதர்களுக்கும் நடுவில், பையின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அதே அம்பத்தூர் பவுண்டரியில் ஒருமுறை சூப்பர்வைசர் வந்து, "இன்னா அண்ணாத்தே, நெஞ்சு வலியா? கையெடுக்காம நிக்கிற" என்று கேட்டார். "ஊட்டுக்காரம்மா ஒண்ணு குடுத்து வெச்சிகீது. அது உள்ள கீறவரைக்கும் நீ ஸ்விட்ச் பக்கம் வந்துடாத, அவ்ளோதான்" என்றார் இவர். பேனலுக்குள் இருந்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலை முடிந்து நான் வெளியே வந்து கையைத் துடைத்ததும், அத்தனை பேர் பார்க்க என் பின்னால் வந்து அதைப் போட்டுவிடுவார். முதலில் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அப்புறம் பழகிவிட்டது. மணவறையில் ஒரு தடவை கட்டினார். அதன்பிறகு பவுண்டரி, அரவை மில், ஐஸ் ஃபேக்டரி என்று எத்தனை இடத்தில் எத்தனை தடவை கட்டினார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் கொக்கி சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். உன் அப்பா என்னிடம் ஆசையாக இரண்டு வார்த்தை பேசியவர் இல்லை. எனக்கு அந்த இழுப்பு போதுமாக இருந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். அத்தை உன் உயிருக்குப் பயப்படுகிறார். நீ ஊர் வாய்க்குப் பயப்படுகிறாய். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கப்போகிறவளுக்காக அன்று கடையில் ஒருவரும் பயப்படவில்லை, அவளைத் தவிர. எனக்குக் கோபம் வந்ததே அதற்குத்தான். பயப்படத் தெரிந்தவள் அவள். முதல் நாளிலேயே கொக்கியைப் பற்றி யோசிக்கிறவள் வேலையிலிருந்து பத்திரமாக வீட்டுக்கு வருவாள். உன் மனம் குளிரட்டுமென்று கழற்றாமல் உள்ளே குனிகிறவளைப் பற்றித்தான் நான் ராத்திரியெல்லாம் கவலைப்படவேண்டியிருக்கும். கொட்டேஷன் சீட்டில் அவளை உட்காரவைக்கலாம் என்கிறாய். உட்கார்வாள், உனக்காக உட்கார்ந்தாலும் உட்கார்வாள். ஆனால் உன்னோடு பேசும்போது அவள் கண்ணில் இருக்கிற அந்தக் குறும்பு அந்தச் சீட்டில் இருக்காது. மூடின பேனலுக்கு முன்னால் காத்திருக்கும்போது வருகிற நிம்மதி என்னவென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு என்ன கொடுப்பாய் நீ?

நீ அவளோடு சைட்டுக்குப் போக முடியாது, உன் வேலை வேறு. அதனால் என் யோசனை ஒன்று. அவள் பேனல் திறக்கிற நாட்களில் காலையில் கிளம்பும்போதே நீ தாலியைக் கழற்றி வாங்கிக்கொள். உன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போ. மீட்டிங்கில் உட்காரும்போது, கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது, அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கட்டும். சாயங்காலம் அவள் வந்ததும் நீயே போட்டுவிடு. காத்திருப்பது என்றால் என்ன என்று அப்போது உனக்குப் புரியும். அவளுக்கு இது பிடிக்கவில்லை, டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் அதுவும் சரி. கழுத்து அவளுடையது. நீ கேட்கத்தான் வேண்டும், சொல்லக்கூடாது. கடைக்காரரிடம் கொக்கி வைக்கச் சொல்லி நானே ஃபோன் செய்துவிடலாம். செய்யமாட்டேன். அது உன் வாயிலிருந்து வரவேண்டும், அதுவும் முதலில் அவளிடம்.

அத்தையின் பயத்துக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இதை நான் அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் உடைந்துபோவார். நீயும் சொல்லாதே. தாலியைக் கழற்றிக் கழற்றி வேலை செய்த அத்தனை வருஷமும் உன் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது நான் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு பேனலும் திறக்கவில்லை, தாலி ஒரு நிமிஷம்கூட என் கழுத்தை விட்டு இறங்கவில்லை. "கெட்டியா புடிச்சிக்கோ, வேண்டிக்கோ" என்று அத்தை சொன்னார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கைக்குள் அது இருக்கும்போதே அவர் போனார். அப்புறம் யார் யாரோ வந்து, என் பின்னால் நின்று, கொக்கி எங்கே என்று தடவிக் கழற்றினார்கள். அவர் அல்லாத வேறொரு கை அதை என் கழுத்திலிருந்து கழற்றியது அந்த ஒரு முறைதான்.

யமுனாவுக்கு இன்றைக்கே ஃபோன் செய்.

அம்மா